இலவசமாகக் கொடுக்கவும் எழுத்து வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் உட்கார்ந்து பேச இடம் கிடைப்பதே பெரிய காரியம். கேம்பல் லேன் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் நாற்காலி கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தபோது, இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பதாகச் சொல்லி இளம்பெண் ஒருவர் வந்து பேசினார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துவிட்டு இப்போது ஒரு நிறுவனத்தில் நிரலாளராக இருக்கிறார். தோழிகள் இருவரோடு சேர்ந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு செயலி எழுதியிருக்கிறாராம். ஒரு சொல் ஒலிக்கும். அதில் வருவது லகரமா, ளகரமா, ழகரமா என்று பிள்ளை கண்டுபிடித்துத் தொடவேண்டும். மூலநிரலை கிட்ஹப் தளத்தில் போட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. இப்போது ஒரு துணைப்பாட நிலையத்தார் அதை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

“எல்லாரும் பார்க்குற மாதிரிதானே வச்சிருக்கோம் அண்ணே, எடுத்துக்க வேண்டியதுதானே? எதுக்குக் கேக்குறாங்க?” என்றார்.

அவர்கள் கேட்டது நேர்மையானவர்கள் என்பதால். கேட்காமல் எடுத்தால் சட்டப்படி தவறு. நம்மில் பலர் கவனிக்காத விஷயம் இது. ஒரு நிரலை எழுதிய கணமே அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டாம், கட்டணம் கட்ட வேண்டாம், ‘உரிமை என்னுடையது’ என்று எங்கும் அறிவிக்கவும் வேண்டாம். சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. அனுமதி இல்லாமல் படி எடுக்கவோ, மாற்றவோ, பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. கிட்ஹப்பில் பொதுப்பார்வைக்கு வைத்தால், மற்றவர்கள் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே ஒரு கிளைப்படி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. ஆகவே உரிமம் இல்லாமல் திறந்துபோட்ட நிரலால் ஒதுங்கி நிற்பவர்கள் நல்லவர்கள் மட்டுமே. தயக்கம் இல்லாதவர் எப்படியும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அப்படியானால் எந்த உரிமத்தைப் போடுவது? பட்டியல் நீளம். ஆனால் அடிப்படையில் இரண்டு குடும்பங்கள்தான்.

முதல் குடும்பத்தில் எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகியவை. எம்ஐடி உரிமம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். எடுங்கள், மாற்றுங்கள், விற்கவும் செய்யுங்கள். என் பெயரையும் இந்த உரிமத்தையும் நீக்காதீர்கள். ஏதாவது கெட்டுப்போனால் என்னைக் கேட்காதீர்கள். அவ்வளவுதான். அப்பாச்சி கொஞ்சம் நீளமானது. பங்களித்தவர் நாளை ‘இதில் என் கண்டுபிடிப்புக் காப்புரிமை இருக்கிறது’ என்று வந்து மறிக்காதபடி அதில் ஓர் ஏற்பாடு உண்டு. பெரிய நிறுவனங்களின் சட்டப்பிரிவு அதை விரும்புவது அதனால்தான்.

இரண்டாவது குடும்பத்தின் மூத்தவர் ஜிபிஎல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989ல் வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 2007ல் வந்தது. இதன்படியும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால், மூலநிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்த முடியாது.

இரண்டும் நடைமுறையில் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு இரண்டு கதைகள்.

2003ல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலநிற இணைய ரௌட்டர் பெட்டி நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. பெட்டியை விற்றவர்கள் மூலநிரலையும் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. கேள்விகள் குவிந்த பிறகு கொடுத்தார்கள். அந்த நிரலிலிருந்து 2004ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் கிளம்பி, இன்றுவரை எத்தனையோ நிறுவனங்களின் பழைய ரௌட்டர்களுக்கு உயிர்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிரலைப் பெற எழுதியவர்கள் வழக்குப் போடவில்லை. உரிமத்தில் இருந்த ஒரு நிபந்தனை அவர்களுக்காகப் பேசியது.

மற்றொன்று மினிக்ஸ். நெதர்லாந்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குக் கற்பிக்க எழுதிய இயங்குதளம். பிஎஸ்டி உரிமம், அதாவது முதல் குடும்பம். இன்டெல் நிறுவனம் அதை எடுத்துத் தன் சில்லுகளுக்குள் மறைந்து ஓடும் நிர்வாகப் பகுதியில் வைத்துவிட்டது. இந்தச் செய்தி 2017ல் வெளிச்சத்துக்கு வந்தபோது, பேராசிரியர் இன்டெலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். பணம் கேட்கவில்லை. முடித்த பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதே அவருடைய ஆதங்கம். சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அந்த வகை உரிமம்தான் அதிக சுதந்திரம் தருவது என்ற கருத்தையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டது இதைத்தான். உங்கள் செயலியை யாரோ எடுத்து, மெருகேற்றி, மூடிவைத்து மாதம் பத்து வெள்ளிக்கு விற்கிறார், உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று வையுங்கள். “பரவாயில்லை, பிள்ளைகள் படித்தால் சரி” என்பீர்களா? அல்லது அன்றிரவு தூக்கம் வராதா? முதல் பதில் என்றால் எம்ஐடி. இரண்டாவது என்றால் ஜிபிஎல் குடும்பம். இதில் உயர்வு தாழ்வு இல்லை. மனத்தைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரிலேயே இந்தத் தேர்வுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் கையில் இருந்த உதாரணம். 2020 மார்ச் 20ஆம் தேதி டிரேஸ்டுகெதர் செயலி வெளிவந்தது. அதன் மூலநிரல் உலகத்துக்குத் திறந்துவிடப்படும் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சில நாள்களில் அறிவித்தார். ஏப்ரல் மாதம் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், செயலி பின்பற்றும் புளூடிரேஸ் நெறிமுறையை வெளியிட்டது. அதைச் செய்துகாட்டும் மாதிரி நிரலையும் ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் வெளியிட்டது. உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. ஆண்டிராய்டு செயலி, ஐபோன் செயலி, மையக் கணினிப் பக்கம் வேலைசெய்யும் நிரல் எல்லாம் அதில் இருந்தன.

அரசாங்கம் ஒன்று எம்ஐடி போட்டிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தச் செயலி செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். யார் யாருக்கு அருகில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று புளூடூத் வழியாகக் குறித்துவைத்தது. அப்படிப்பட்ட ஒன்றை வேறொருவர் எடுத்து, உள்ளே எதையாவது சேர்த்து, மூடிய பெட்டியாக மக்கள் கையில் கொடுக்க வழி இருக்கக்கூடாது. ஜிபிஎல் அந்த வழியை அடைக்கிறது. மாற்றிய செயலியைப் பெற்றவர், ‘உள்ளே என்ன இருக்கிறது, காட்டு’ என்று கேட்க முடியும். எனக்குத் தெரிந்தவரை, இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு அதிகம் இல்லை. ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உரிமையாளரை அவர் போட்ட ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. தாம் எழுதியதை அவர் வேறு நிபந்தனையில் இன்னொருவருக்குத் தனியாகவும் கொடுக்கலாம்.

ஆனால் உரிமம் எதுவரை காக்கும், எங்கே கைவிடும் என்பதையும் இதே கதை காட்டியது. 2021 ஜனவரியில், டிரேஸ்டுகெதர் தரவைக் குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறை பெற முடியும் என்பது நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. தொற்றுத் தடம் அறிய மட்டுமே என்று நம்பியிருந்த பலருக்கு வருத்தம். பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டு, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. நிரல் திறந்தே இருந்தது. யாரும் படித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் நிரல் சொல்வது இயந்திரம் என்ன செய்யும் என்பதை. சேர்ந்த தரவை யார் பார்க்கலாம் என்பது சட்டத்தில் இருந்தது. ஜிபிஎல் போன்ற மென்பொருள் உரிமங்கள் பொதுவாகத் தரவைப் பற்றிப் பேசுவதில்லை. ‘திறந்த மூலம், ஆகவே பாதுகாப்பு’ என்று யாராவது விளம்பரம் செய்தால், தரவு எங்கே போகிறது என்று தனியாகக் கேளுங்கள்.

இன்னொரு இடைவெளியும் உண்டு. ஜிபிஎல் நிபந்தனை, நிரலைப் பிறர் கையில் கொடுக்கும்போதுதான் விழித்துக்கொள்ளும். ஒருவர் அதை மாற்றித் தம் சொந்த சர்வரில் ஓட்டி, மக்கள் இணையம் வழியாகப் பயன்படுத்தினால், ‘கொடுத்ததாக’ ஆகாது. நிரலைக் காட்ட வேண்டியதில்லை. புளூடிரேஸ் நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரல் 26ல் கோவிட்சேஃப் செயலியைக் கொண்டுவந்தது. செயலியின் மூலநிரலை மே மாதம் வெளியிட்டது. சர்வர் பக்கத்து நிரல் வெளிவரவில்லை. ஆய்வாளர்கள் செயலியைப் பிரித்துப் பார்த்துக் குறைகளைச் சொல்ல முடிந்தது, சர்வரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே ஏஜிபிஎல் என்று ஓர் உரிமம் இருக்கிறது. சர்வரில் மாற்றி ஓட்டினாலும், அதைப் பயன்படுத்துவோருக்கு மூலநிரல் தரவேண்டும் என்கிறது அது. பல பெரிய நிறுவனங்கள் ஏஜிபிஎல் என்ற பெயரைக் கண்டாலே விலகிப் போய்விடும். உங்கள் செயலி உலாவியில் ஓடுவது, நிறுவனங்கள் விலகினால் உங்களுக்கு நட்டமில்லை என்றால் அதைத் தாராளமாகப் போடலாம்.

தமிழ்க் கணிமையில் எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘பதிப்பி’, ‘நிரல்பாகம்’ என்று தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதலாம். அதன் உரிமம் ஜிபிஎல். அவரும் நண்பர்களும் சேர்ந்து வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரல்தொகுப்பு ஒன்றும் இருக்கிறது. அதன் உரிமம் எம்ஐடி. ஒரே கை, இரண்டு உரிமங்கள்.

அவர் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. பொருளைப் பார்த்தாலே நியாயம் புரிகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இதை மூன்று என்று சரியாக எண்ணித் தருவது போன்ற சில்லறை வேலைகளை ஓப்பன் தமிழ் செய்கிறது. இப்படிப்பட்ட அடிப்படைக் கருவி எத்தனை பேர் கையில் போய்ச் சேர்கிறதோ அத்தனைக்கும் தமிழுக்கு நல்லது. ஒரு வங்கியின் செயலிக்குள்ளும் அது போகட்டும், ஒரு விளையாட்டுக்குள்ளும் போகட்டும். அங்கே ஜிபிஎல் போட்டால், மூடிய மென்பொருள் எழுதுவோர் அதைத் தொடமாட்டார்கள். எழுத்துகளைத் தப்புத்தப்பாக எண்ணிக்கொண்டே இருப்பார்கள். முழுமையான ஒரு நிரல்மொழியின் நிலை வேறு. அதை ஒருவர் எடுத்து மேம்படுத்தினால் அந்த மேம்பாடு கற்கும் பிள்ளைகளுக்குத் திரும்பி வரவேண்டும். செங்கலை யாருக்கும் கொடு, கட்டிய வீட்டுக்கு நிபந்தனை வை என்பது என் கட்சி. மாற்றுக்கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், எழுதுங்கள்.

எழுத்துருக்களுக்கு இந்த இரண்டு குடும்பமும் சரிப்படாது. லோகித் தமிழ் எழுத்துரு முதலில் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. எழுத்துருவை ஆவணத்துக்குள் பொதித்து அனுப்பினால், ஆவணத்துக்கும் அந்த நிபந்தனை ஒட்டிக்கொள்ளுமா என்ற குழப்பம் இத்தகைய எழுத்துருக்களில் எப்போதும் உண்டு. லோகித் பிறகு ஓஎஃப்எல் என்ற எழுத்துருக்களுக்கான திறந்த உரிமத்துக்கு மாறியது. கூகலின் நோட்டோ தமிழ் எழுத்துருவும் அதே உரிமத்தில்தான் கிடைக்கிறது. அந்த எழுத்துருவில் அச்சடித்த திருமண அழைப்பிதழ் உங்களுடையதுதான், கவலை வேண்டாம்.

அந்தப் பெண்ணின் அடுத்த கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். “யாரும் வித்துக் காசு பண்ணக்கூடாதுன்னு ஒரு வரி சேத்துடலாமா?”

சேர்க்கலாம், அது உங்கள் சொத்து. ஆனால் அதற்குப் பிறகு அதைத் திறந்த மூலம் என்று அழைக்க முடியாது. திறந்த மூலத்துக்கான பொது வரையறை, வணிகத்துக்குப் பயன்படுத்துவோரை விலக்கக் கூடாது என்கிறது. நடைமுறைச் சிக்கலும் உண்டு. துணைப்பாட நிலையம் கட்டணம் வாங்குகிறது, அது வணிகமா? கோயில் நடத்தும் தமிழ் வகுப்பு சிறு தொகை வாங்கினால்? வரி ஒன்றுதான், வழக்குகள் நூறு. ஜிபிஎல் விற்பதைத் தடுப்பதில்லை. ஆனால் வாங்கியவர் அதை அடுத்தவருக்கு இலவசமாகக் கொடுப்பதையும் தடுக்க முடியாது என்பதால், அநியாய விலை நிலைப்பது கடினம். செயலியின் பெயரும் சின்னமும் உரிமத்தோடு போய்விடுவதில்லை என்பதையும் சொன்னேன். நிரலை எடுப்பவர் வேறு பெயரில் வெளியிடட்டும் என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: கொடுக்கப்போவது முழுக்க உங்களுடையதுதானா? செயலியில் ஒலிப்பது யார் குரல் என்று கேட்டேன். பாட்டியின் குரலாம். ழகரம் அவருக்குத்தான் சுத்தமாக வருகிறதாம். படங்கள் ஒரு தோழி வரைந்தவை. சொற்களில் கொஞ்சம் பாடநூலிலிருந்து, விளக்கங்களில் கொஞ்சம் தமிழ் விக்சனரியிலிருந்து. ஆக ஒரு சின்னச் செயலிக்குள் நான்கு உரிமையாளர்கள்! பாட்டியிடமும் தோழியிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, குரலுக்கும் படத்துக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போடலாம். நிரல் உரிமங்கள் அவற்றுக்குப் பொருந்தாது. பாட்டிக்கு ஒப்புதல் தாளை நீட்டும் முன், முன்பின் தெரியாதவர்களும் இந்தக் குரலை எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்பதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும். விக்சனரி விளக்கங்களைப் பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில்தான் பகிரவேண்டும். பாடநூலிலிருந்து படியெடுத்த வாக்கியங்களையும் பயிற்சிகளையும் எடுத்துவிட வேண்டியதுதான். தனிச் சொற்கள் யாருடைய சொத்தும் இல்லை, ஆனால் ஒரு நூலின் வாக்கியங்கள் அப்படி இல்லை.

அலுவலகமும் இருக்கிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியர் வேலையின் பகுதியாகப் படைத்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். நிரலாளரின் ஒப்பந்தங்கள் சில இதையும் தாண்டி, ஓய்வுநேரத்தில் எழுதியதையும் இழுத்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாளை எடுத்துப் படியுங்கள். அலுவலக மடிக்கணினியில் எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் மேலாளரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மாணவர்கள் தங்கள் கல்லூரியின் விதிகளையும் பார்த்துக்கொள்வது நல்லது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தனி விதி இருக்கலாம்.

“இப்போதைக்கு ஏதோ ஒண்ணு போட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாமே அண்ணே?” என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

மூவர் மட்டும் எழுதியிருக்கும்வரை மாற்றலாம். வெளியார் பத்துப் பேர் வரி வரியாகச் சேர்த்த பிறகு, அந்த வரிகள் அவரவர் சொத்து. ஆரஞ்சுக் கூம்புச் சின்னம் போட்ட விஎல்சி செயலியில் படம் பார்க்காதவர் நம் வீடுகளில் குறைவு. அது ஜிபிஎல் மென்பொருள். ஐபோனுக்கான அதன் செயலி ஆப்பிள் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆப்பிளின் விதிகள் ஜிபிஎல் தரும் சுதந்திரத்துக்கு ஒத்துவரவில்லை என்று விஎல்சியை எழுதியவர்களில் ஒருவரே முறையிட்டார். 2011 ஜனவரியில் செயலி கடையிலிருந்து நீக்கப்பட்டது. விஎல்சியின் இயக்குப்பொறியை இன்னும் தளர்வான உரிமத்துக்கு மாற்ற முடிவுசெய்தவர்கள், பல ஆண்டுகளாகப் பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடி ஒப்புதல் கேட்க நேர்ந்தது. வேலை மாறியவர், மின்னஞ்சல் மாறியவர் எல்லாரையும். ஐபோன் செயலி மொசில்லாவின் எம்பிஎல் உரிமத்தோடு 2013 ஜூலையில்தான் திரும்பி வந்தது.

அதனால், பிள்ளைகள் கையில் ஐபேட் இருக்கும் இந்த ஊரில், மேம்பாடுகள் திரும்பி வரவும் வேண்டும், ஆப்பிள் கடையிலும் இருக்கவேண்டும் என்றால், அந்த எம்பிஎல் இரண்டாம் பதிப்பைப் பார்க்கச் சொன்னேன். உங்கள் கோப்புகளில் செய்த மாற்றங்களைத் திறந்தே வைக்கவேண்டும். அவர்கள் புதிதாகச் சேர்த்த கோப்புகளை மூடிவைத்துக்கொள்ளலாம். பாதி வழிச் சமரசம்தான். துணைப்பாட நிலையம் தன் பாடங்களைத் தனிக் கோப்பில் வைத்து விற்கும், ஆனால் ழகர விளையாட்டில் திருத்திய பிழை உங்களுக்கும் கிடைக்கும். எழுத்தைப் பிரித்து எண்ணும் பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி எம்ஐடியில் விடுங்கள், பிறருக்கு உதவும்.

தேர்ந்தெடுத்த உரிமத்தின் முழு வாசகத்தையும், ஒரு சொல்லும் மாற்றாமல், திட்டத்தின் முதல் அடுக்கிலேயே தனிக் கோப்பாக வைக்கவேண்டும். எம்ஐடி என்றால் அதில் ஆண்டையும் மூவர் பெயரையும் நிரப்பவேண்டும். குரலுக்கும் படங்களுக்கும் எந்த உரிமம் என்பதை அவை இருக்கும் கோப்புறையில் தனியாக எழுதவேண்டும். வெளியார் அனுப்பும் திருத்தங்களும் இதே உரிமத்தில் வருவதாக ஒப்புக்கொள்ளும் வரி ஒன்றை, முதல் திருத்தம் வருவதற்கு முன்பே, அறிமுகக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். துணைப்பாட நிலையத்துக்குப் பதில் எழுதுவது அதற்குப் பிறகு.